மிதித்ததும் திணறும் எஞ்சின்: பெங்களூருவின் மாற்றியமைத்த கார்களில் கோளாறு தேடும் முறை

ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே எஞ்சின் இழுக்க வேண்டும். மிதித்த பிறகும் அரை நொடி எதுவும் நடக்காமல், சில நேரம் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, அதன் பிறகு வண்டி பாய்ந்தால் அது திணறல். ஒர்க் ஷாப்புக்கு வருபவர் இதை 'பிக்கப் இல்ல' என்பார், 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பார், 'ஜெர்க் ஆகுது' என்பார். கேட்பவர் இவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டால் தேடல் முதல் அடியிலேயே தடம் மாறிவிடும். டர்போ சுழன்று வேகம் பிடிக்க எடுக்கும் நேரம் குறைந்த ஆர்பிஎம்மில் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும், குலுக்காது. அது கோளாறே அல்ல. மிஸ்ஃபயர் என்பது ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விடுவது. அதில் தாளம் தப்பிய அதிர்வு தெரியும், எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். கிளட்ச் வழுக்கினால் டாக்கோமீட்டர் முள் ஏறும், வண்டி ஏறாது. திணறலில் முள்ளே தயங்கும். முள்ளைக் கவனித்துச் சொல்லும்படி ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டாலே கியர்பாக்ஸா எஞ்சினா என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

பெங்களூருவுக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பழைய உறவு உண்டு. 1990-களின் இறுதியில் பெங்களூருவைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ், ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சினை வைத்து ஃபைபர் கிளாஸ் உடலோடு 'சான் ஸ்டார்ம்' என்ற இரண்டு இருக்கை திறந்த காரைக் கொண்டுவந்தது. தயாரிப்பு கோவாவில் நடந்தது. இன்று ஊரில் மாற்றியமைக்கப்படுபவை பெரும்பாலும் வேறு ரகம்: பழைய ஹோண்டா சிட்டி விடெக், 2013-ல் 105 குதிரைசக்தியோடு வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். கம்பெனி கொடுத்த சக்தி போதாது என்று எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியுவை ரீமேப் செய்வது, பெரிய ஏர் இன்டேக், டவுன்பைப், புளோ ஆஃப் வால்வ் போடுவது என்று வேலை வளர்கிறது.

கம்பெனியிலிருந்து வந்த காரில் திணறல் என்றால் ஏதோ ஒரு பாகம் பழுது என்று நம்பித் தேடலாம். மாற்றியமைத்த காரில் அந்த நம்பிக்கை செல்லாது. ஈசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகள், குழாயின் விட்டம் இவ்வளவு, இன்ஜெக்டர் இவ்வளவு பாய்ச்சும், எக்ஸாஸ்டின் எதிரழுத்தம் இவ்வளவு என்ற அனுமானங்களின் மேல் எழுதப்பட்டவை. ஒவ்வொரு மாற்றமும் ஓர் அனுமானத்தைப் பொய்யாக்குகிறது. எல்லாப் பாகமும் புதியது, எல்லாமே நன்றாக வேலை செய்கிறது, ஆனாலும் வண்டி திணறும், ஏனென்றால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஜே.சி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி காயில், ப்ளக், சென்சார், பம்ப் என்று வரிசையாக மாற்றியும் தீராத கார்களில் பல இந்த வகை. பாகம் வாங்கும் முன் அளக்க வேண்டும், அளக்கும் முன் 'எப்போது' என்று கேட்க வேண்டும்.

காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? லேசாக மிதிக்கும்போதா, அடி வரை மிதிக்கும்போதா? எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில்? ஏசி போட்டால் கூடுகிறதா? கியர் மாற்றிய அடுத்த நொடியிலா? புதிதாகப் பெட்ரோல் போட்ட பிறகு தொடங்கியதா, அல்லது ஏதாவது பொருத்திய பிறகா? லேசாக மிதிக்கும்போது மட்டும் வருவது பெரும்பாலும் காற்றை அளப்பதில் உள்ள பிழை. முழு மிதியில் மட்டும் வருவது எரிபொருள் அழுத்தம், தீப்பொறி அல்லது டர்போ தரும் பூஸ்ட். கியர் மாற்றியவுடன் வருவதற்குத் தனிக் காரணம் உண்டு, அது கீழே வரும்.

ஊரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். சென்னையில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 91-ஐ ஒட்டியே இருக்கும். 1,478 மீட்டர் உயர நந்தி மலை உச்சியில் 85. கார்புரேட்டர் காலத்தில் இதுவே பெரிய தலைவலி. கார்புரேட்டருக்குக் காற்றின் அடர்த்தி தெரியாது. அடர்த்தி ஒரு பத்து சதவீதம் குறைந்தால் கலவையில் பெட்ரோல் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூடிவிடும். பெங்களூருவில் ஜெட் பார்த்துச் சீராக்கிய பந்தயக் காரைச் சோழவரம் விமானத்தளத்துப் பந்தயத்துக்கோ, 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே திறந்த ட்ராக்குக்கோ கொண்டுபோனால் கலவை அதே அளவு நீர்த்துப்போகும். மிதித்ததும் வாய் பிளந்து நிற்கும். இரட்டைக் கார்புரேட்டர் போட்ட பழைய ஃபியட்டில் இன்றும் இதைப் பார்க்கலாம். த்ராட்டில் சட்டென்று திறக்கும்போது காற்று உடனே பாய்கிறது, பெட்ரோல் பின்தங்குகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஒரு பீச்சு பீச்சுகிறது. அதன் டயஃப்ரம் காய்ந்திருந்தாலோ நாசில் அடைத்திருந்தாலோ திணறல் நிச்சயம். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் திறந்தால் இரண்டு தொண்டையிலும் ஒரே சமயத்தில் தாரை விழ வேண்டும். ஒன்றில் விழுந்து மற்றதில் சொட்டினால் இடம் தெரிந்துவிட்டது.

டர்போ எஞ்சினில் உயரத்தின் கணக்கு வேறு. ஈசியு கேட்பது பெரும்பாலும் முழு அழுத்தத்தை. இன்டேக்கில் 200 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் கடலோரத்தில் டர்போ காற்றை இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவாக அழுத்தினால் போதும். பெங்களூருவில் அதே எண்ணுக்கு 2.2 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ வேகமாகச் சுழலும், காற்று கூடுதலாகச் சூடேறும், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் இன்னும் அதிக நேரம் மூடியே இருக்கும். கடலோர ஊரில் எழுதிய ஸ்டேஜ் 2 ரீமேப் ஃபைலை அப்படியே இங்கே ஏற்றினால், ஈசியு கேட்கும் பூஸ்ட் சிறிய டர்போவால் எட்ட முடியாததாகப் போய்விடலாம். கேட்டதும் கிடைத்ததும் விலகும்போது ஈசியு தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைக்கும். ஓட்டுபவருக்கு அது திணறலாகத் தெரியும்.

காற்றை அளப்பது மாற்றியமைத்த கார்களில் அதிகம் தவறும் இடம், அதனால் இதில் நேரம் செலவிடலாம். சில எஞ்சின்கள் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் மாஃப் சென்சாரால் காற்றை அளக்கின்றன. சூடான ஒரு மெல்லிய கம்பியையோ தகட்டையோ கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்து எடை கணிக்கப்படுகிறது. சென்சார் உண்மையில் உணர்வது தன் முன்னால் ஓடும் காற்றின் வேகத்தைத்தான், குழாயின் மொத்தத்தையும் அல்ல. குழாய் 70 மில்லிமீட்டர் என்று ஈசியுவுக்குத் தெரியும். புது இன்டேக்கில் சென்சார் உட்காரும் இடம் 76 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் பரப்பு 18 சதவீதம் கூடுகிறது, அதே காற்று மெதுவாக ஓடுகிறது, சென்சார் ஏறக்குறைய 15 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. ஈசியுவும் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கிறது. சீராக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடும். சட்டென்று மிதிக்கும்போது திருத்த நேரமில்லை. அந்த அரை நொடியில்தான் வண்டி திணறுகிறது. சென்சார் நல்லது, குழாயும் நல்லது, ஒன்றாகப் போட்டதுதான் பிழை. இதற்கு மருந்து புது சென்சார் அல்ல. குழாயை மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஈசியுவில் அந்தச் சென்சாரின் அட்டவணையைத் திருத்த வேண்டும்.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரும் இதே தொல்லையைத் தரும். கழுவிய பின் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றிவிட்டால் அது பறந்து கம்பியில் படிந்து, மேலே தூசி ஒட்டிக்கொள்ளும். கம்பியை விரலாலோ துணியாலோ தொடக்கூடாது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை அடித்துக் காயவிட வேண்டும்.

மாஃப் உள்ள காரில் காற்றை வெளியே விடும் புளோ ஆஃப் வால்வ் போடுவது சத்தத்துக்காக. அந்த 'ப்ஷ்ஷ்' சத்தம் பிடித்தவர்கள் நிறைய. ஆனால் வெளியே போகும் அந்தக் காற்று ஏற்கெனவே அளக்கப்பட்டு, பெட்ரோல் கணக்கில் ஏறிவிட்டது. கியர் மாற்றக் காலை எடுத்ததும் காற்று வெளியேறுகிறது, பெட்ரோல் மட்டும் உள்ளே வருகிறது. அடுத்த கியரில் மிதிக்கும்போது ஒரு கணம் கலவை கெட்டியாகி எஞ்சின் மூச்சு முட்டும். சைலன்சரில் சிறு கரும்புகை, சில சமயம் ஒரு 'டப்'. காற்றைத் திரும்ப இன்டேக்குக்கே விடும் பழைய வால்வை மாட்டிப் பார்ப்பதுதான் சோதனை. கியர் மாற்றியவுடன் வந்த திணறல் அதோடு நின்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மாஃப் இல்லாமல் இன்டேக் அழுத்தத்தையும் வெப்பத்தையும் வைத்துக் காற்றைக் கணிக்கும் எஞ்சின்களில் இந்தத் தொல்லைகள் குறைவு. அளக்கும் முறை வேறு என்பதால் கசிவின் அறிகுறியும் இரண்டு வகையிலும் மாறுபடுகிறது. மாஃப் காரில் டர்போவுக்குப் பிந்தைய ஹோஸ் கசிந்தால் அளந்த காற்று வெளியேறி, பூஸ்டில் கலவை கெட்டியாகும். அழுத்தத்தை அளக்கும் காரில் கலவை சரியாகவே இருக்கும், டர்போ மட்டும் கூடுதலாக உழைக்கும். த்ராட்டிலுக்குப் பின்னால் கசிந்தால் மாஃப் காரில் ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் ஏறி, ஆர்பிஎம் கூடக்கூட இறங்கும். ஃப்யூயல் ட்ரிம் என்பது, அட்டவணைப்படி போட்டது போதாமல் ஈசியு எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற எண். சாதாரண ஓபிடி ஸ்கேனரிலேயே தெரியும். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. ஐடிலில் சரியாக இருந்து, பாரம் ஏறும்போது மட்டும் கூடினால் கசிவு அல்ல, பெட்ரோல் வரத்தையோ மாஃப் சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும்.

ஸ்மோக் டெஸ்ட் நல்ல முறை, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சாதாரண ஸ்மோக் மெஷின் தரும் அழுத்தம் மிகக் குறைவு. ஒரு பார் பூஸ்டில் மட்டும் விரியும் விரிசலோ, வழுக்கும் சிலிக்கான் ஹோஸோ அதில் தெரியாது. டர்போவின் வாயை அடைத்து, கம்ப்ரஸரால் உண்மையான பூஸ்ட் அளவுக்கு மெதுவாக ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நீர் தெளித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து எரிபொருள். நேரடி இன்ஜெக்ஷன் எஞ்சினில் டேங்க்குக்குள் ஒரு பம்ப், கேம்ஷாஃப்டால் இயங்கும் உயர் அழுத்த பம்ப் ஒன்று. ரெயிலில் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். ரீமேப் செய்த பிறகு முழு மிதியில் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறுகின்றனவா என்று பதிவெடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கிடைத்தது சரிந்தால் பம்ப் தோற்கிறது. உடனே பம்ப் வாங்க ஓடாமல், டேங்க் பம்ப்பின் முனையில் பாரத்தோடு வோல்டேஜ் அளப்பது நல்லது. துருப்பிடித்த எர்த் இணைப்பு ஒன்றே போதும், நல்ல பம்ப்பைச் சோர்வாகக் காட்ட.

எரிபொருளே மாறியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் நடந்த இந்தியா எனர்ஜி வீக்கில் பிரதமரால் தொடங்கப்பட்டு, முதலில் 11 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 84 பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்தது. இன்று அதுவே சாதாரணப் பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5-ஐ ஒட்டிப் போதும். அதாவது அதே காற்றுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ரீமேப்பில் ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பம்ப்பும் இன்ஜெக்டரும் இந்தக் கூடுதலைத் தாங்காமல் போவது இயல்பு. மறுபக்கம், எத்தனால் ஆக்டேன் எண்ணை உயர்த்துகிறது, எஞ்சின் தட்டலை (நாக்கிங்) குறைக்கிறது. ஆகவே இ20 என்றாலே கேடு என்பது சரியல்ல, பழைய பெட்ரோலுக்கு எழுதிய மேப்போடு அதை ஊற்றுவதுதான் சிக்கல். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் கவர் போட்டு நிற்கும் காரில் டேங்க்கின் அடியில் தண்ணீர் பிரியலாம். பழைய படிவுகளைக் கரைத்து ஃபில்டரை அடைக்கவும் செய்யும். 'நின்னு நின்னு எடுத்தா திணறுது' என்று வரும் காரில் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோலைத்தான்.

பூஸ்ட் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் ப்ளக் இடைவெளியைத் தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கம்பெனி சொன்ன 0.8 மில்லிமீட்டர் இடைவெளியோடு பூஸ்டை ஏற்றினால், முழு மிதியில் பொறி அணைந்து அணைந்து எரியும். அதை 0.6, 0.65-க்குக் குறைத்தால் பல கார்கள் அத்தோடு சரியாகிவிடுகின்றன, செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரிடியம் ப்ளக்கில் நாணயம் போன்ற கேஜை அழுத்தித் திருகினால் நடு முனை உடையும். கம்பி கேஜால் அளந்து, பக்க முனையை மட்டும் வளைக்க வேண்டும். கழற்றிய ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் தலைமயிர் கனத்தில் ஒரு கரிய கோடு மேலிருந்து கீழாக ஓடினால், மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளிப்புறமாகத் தாவியிருக்கிறது என்று பொருள். அந்த ப்ளக்கும் அதன் மேல் உட்கார்ந்த காயிலின் ரப்பரும் இரண்டுமே போக வேண்டும். ஆடுகோடியைத் தலைமையிடமாகக் கொண்ட, இன்று பாஷ் என்று பெயர் மாறிய மைகோவின் ப்ளக்கைப் பயன்படுத்திய பழைய மெக்கானிக்குகள் ப்ளக் நிறம் பார்த்தே கலவையைச் சொல்வார்கள். அந்தத் திறமை இன்றும் வீண்போகவில்லை. காயிலில் சந்தேகம் என்றால் இரண்டாவது சிலிண்டர் காயிலை மூன்றாவதில் மாட்டி, மிஸ்ஃபயர் எண்ணிக்கை கூடவே நகர்கிறதா என்று பார்த்தால் போதும். சிவாஜி நகர் குஜரிச் சந்தையில் பழைய காயில் வாங்கி மாட்டிப் பார்ப்பது வேண்டாம். அதன் நிலையும் தெரியாததால் ஒரு கேள்வி இரண்டாகும்.

எதுவுமே பழுதில்லாமல் ஈசியு தானாகவே த்ராட்டிலை மூடும் சந்தர்ப்பமும் உண்டு. ரீமேப் செய்த கார்களில் இது அடிக்கடி நடக்கும், அடிக்கடி தவறாகவும் புரிந்துகொள்ளப்படும். பதிவில் பெடல் 100 சதவீதம், த்ராட்டில் 45 சதவீதம், ரெயில் அழுத்தம் சரி, மிஸ்ஃபயர் இல்லை என்று வந்தால், காலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் யாரோ தடுக்கிறார்கள். பூஸ்டை மட்டும் ஏற்றிவிட்டு, டார்க் வரம்பு அட்டவணைகளைத் தொடாமல் விட்ட மேப்பில் ஈசியு தன் கணக்குக்கு மீறி டார்க் வருவதைக் கண்டு கதவைச் சாத்துகிறது. போலோ ஜிடியில் வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைக்கப்பட்டது. அந்த வரம்பை வெறுமனே அழிப்பதைவிட அதற்குள் மேப்பை எழுதுவதே உருப்படியான வேலை. இதை எழுதியவர்தான் திருத்த வேண்டும், பாகம் மாற்றித் தீராது.

தட்டலும் சூடும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த காரில் இன்டேக் காற்று 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சாலை திறந்ததும் மிதித்தால், ஈசியு தட்டலுக்கு அஞ்சித் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், வண்டி சோம்பும், இரண்டு கிலோமீட்டர் ஓடியதும் தானே சரியாகும். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒட்டவைத்த திறந்த ஃபில்டர் எஞ்சின் அறையின் வெந்த காற்றையே குடிப்பதால் இதை மோசமாக்கும். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் அதற்குக் குறைந்த பெட்ரோல் போட்டாலும் இதே காட்சிதான். ஒவ்வொரு சிலிண்டரிலும் எத்தனை டிகிரி பின்தள்ளப்படுகிறது என்பதைப் பதிவெடுத்தால், எல்லாவற்றிலும் ஒரே அளவு என்றால் பெட்ரோல் அல்லது சூடு, ஒன்றில் மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. இந்தப் பதிவுகளைப் பொதுச் சாலையில் முழு மிதியில் எடுக்கக் கூடாது, ஊரில் சக்தியை அளக்கும் டைனோ இருக்கிறது.

நேரடி இன்ஜெக்ஷனில் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படுவதில்லை, அதனால் எண்ணெய்ப் புகை கரியாகப் படிந்துகொண்டே போகும். குளிர்ந்த எஞ்சினில் லேசான மிதியில் வரும் திணறலுக்கு, குறிப்பாக எழுபது, எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காரில், இதைச் சந்தேகிக்கலாம். டேங்கில் ஊற்றும் கிளீனர் வால்வை எட்டாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் த்ராட்டில் பாடியைத் துடைத்து அடாப்டேஷன் செய்துபார்ப்பது மலிவான முதல் படி.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு டவுன்பைப் போட்ட காரில், எக்ஸாஸ்ட் மூட்டு கசிந்தாலே ஆக்ஸிஜன் சென்சார் வெளிக்காற்றை முகர்ந்து கலவை நீர்த்ததாக நினைத்துக்கொள்ளும். இதற்கு மேல், கன்வர்ட்டரை எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு எதிரானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கமும், தயாரிப்பாளரின் அசல் வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கின்றன. இதை அறிந்தே காசைப் போட வேண்டும்.

சரி செய்த பிறகு ஈசியுவின் கற்றலை அழித்தால் ட்ரிம் எண்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பழைய பழக்கம் புதிய அளவீட்டைக் கெடுக்காது. ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டி, ஐடிலிலும் சீரான ஓட்டத்திலும் அவை எங்கே வந்து நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு திணறல் வந்த அதே நிலையை மீண்டும் உருவாக்க வேண்டும்: அதே கியர், அதே ஆர்பிஎம், அதே பங்க் பெட்ரோல், அதே சூடு. நெரிசலில் சூடேறித் திணறிய காரை ஞாயிறு விடியற்காலைக் குளிரில் நந்தி மலைப் பக்கம் ஓட்டிப் பார்த்து 'சரியாயிடுச்சு' என்று சாவியைக் கொடுத்தால், திங்கள் மாலை அது திரும்பி வரும். சோதனை ஓட்டமும் மாலை ஆறரை மணிக்கு, ஏசி போட்டு, ஓசூர் ரோட்டில்தான் நடக்க வேண்டும்.